வாயப்பயம், கோயி, எல: வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருவது

மூன்றாம் வகுப்புப் பிள்ளை கோழியை ‘கோயி’ என்று எழுதுகிறது. இலையை ‘எல’ என்றும், வீட்டை ‘வூடு’ என்றும் எழுதுகிறது. நோட்டில் சிவப்புச் சுழி விழுகிறது, பத்து முறை எழுதிவரச் சொல்கிறோம், அடுத்த வாரம் அதே பிழை திரும்ப வருகிறது. அந்தப் பிள்ளையின் வீட்டிலும் தெருவிலும் அந்தச் சொற்கள் அப்படித்தான் ஒலிக்கின்றன. காதில் விழுந்ததைச் சரியாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலிக்கும் உரிய எழுத்தைப் போட்டிருக்கிறது. எழுதக் கற்பதில் பாதி வேலையை அது முடித்துவிட்டது. பேச்சில் ஒலிப்பதற்கும் புத்தகத்தில் எழுதுவதற்கும் உள்ள தூரத்தை ஒழுங்காகக் காட்டித் தருவது மீதிப் பாதி. அது நம் வேலை.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்திருக்கும் பழைய வடஆற்காட்டுப் பகுதியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை கற்பிப்பவர்களுக்கும், மாலையில் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித் தரும் அக்காமார்களுக்கும், பெற்றோருக்கும் இந்தக் குறிப்புகள்.

முதலில் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது?

ஒரு பிள்ளைக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஓர் அட்டையில் 20 எழுத்துகளைக் கலைத்துப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் பன்னிரண்டு குறியில்லாத எழுத்துகளாகவும் எட்டு உயிர்மெய்க்குறி (கால், கொம்பு போன்றவை) உள்ளவையாகவும் இருக்கட்டும். இன்னோர் அட்டையில் 10 சொற்கள்: ‘படம், மரம், கடல்’ போல மூன்று, ‘பாட்டி, கூடை, தேர், கொடி’ போல நான்கு, ‘கப்பல், மஞ்சள், சக்கரம்’ போல நடுவில் ஒற்று (புள்ளி வைத்த மெய்யெழுத்து) உள்ள மூன்று. மூன்றாவது அட்டையில் நான்கு சிறு வாக்கியங்கள். படித்து முடித்ததும் ஐந்து சொற்களைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எங்கே தடுமாறத் தொடங்குகிறதோ அங்கிருந்து பாடம் தொடங்க வேண்டும். அது நான்காம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் சரி.

இந்தச் சோதனையில் பாடப்புத்தகத்தைப் பயன்படுத்தாதீர்கள். வகுப்பே சேர்ந்து பாடிப் பாடி மனப்பாடமான பாடத்தைப் பிள்ளை சரளமாகச் சொல்லும். விரல் ஒரு வரியிலும் வாய் இன்னொரு வரியிலும் போகும். புத்தகம்தான் கைவசம் இருக்கிறது என்றால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொல்லுங்கள். அல்லது அட்டையில் ஒரு சொல் தெரியுமளவு ஓட்டை வெட்டி, அதைப் பக்கத்தின் மேல் நகர்த்தி நகர்த்திக் கேளுங்கள். மனப்பாடம் உடனே வெளிப்பட்டுவிடும்.

சவ்வாது மலைப் பக்கத்தைப் போல இரண்டே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்க்கும் பள்ளிகளில் இந்தப் படிகளை வைத்தே குழு பிரிக்கலாம். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததும் இதே நோக்கத்தில்தான். ஒரு குழு சொல் அட்டை வைத்துத் தானாகப் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு குழுவுக்குப் புது எழுத்து சொல்லலாம்.

எழுத்துக்கு முன்னால் காது

எழுத்தைக் காட்டுவதற்கு முன், முதல் இரண்டு வாரம் தினமும் ஐந்து நிமிடம் ஒலியோடு மட்டும் விளையாட வேண்டும். ‘மரம்’ என்று சொல்லி, ‘ம’வுக்கு ஒரு தட்டு, ‘ரம்’முக்கு ஒரு தட்டு. ‘பாட்டி’க்கு ‘பாட்’, ‘டி’ என்று இரண்டு. பிறகு முதல் ஒலியை மாற்றிச் சொல்லுங்கள்: ‘படம்’ என்பதில் ‘ப’வை எடுத்துவிட்டு ‘ம’ வைத்தால் என்ன வரும்? ‘வ’ வைத்தால்?

குறில் நெடிலையும் இங்கேயே காதுக்குப் பழக்கிவிடலாம். பழைய இலக்கணத்தில் கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. பிள்ளைக்கு மாத்திரை என்ற பெயர் வேண்டாம், கணக்கு போதும். ‘கல்’ என்னும்போது கையை ஒரு சொடுக்கு, ‘கால்’ என்னும்போது கையை நீட்டி இழுப்பது. ‘படம் – பாடம்’, ‘மலை – மாலை’, ‘வடை – வாடை’, ‘பத்தி – பாத்தி’ என்று மாற்றி மாற்றிச் சொன்னால் ஒரு வாரத்தில் கை தானாக நீளும். குறில் நெடில் குழம்பும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் மருந்து இதுதான். அது குறியை மறக்கவில்லை, நீளத்தைக் காதில் வாங்கவில்லை.

எந்த எழுத்து முதலில்?

247 எழுத்து அட்டவணையைச் சுவரில் மாட்டி, வரிசை வரிசையாக ஒப்பிக்கவைப்பது இன்றும் பல வீடுகளில் நடக்கிறது. ‘ஙா ஙி ஙீ’ என்று பிள்ளை பாடும். அந்த வரிசையில் அது எழுதப்போகும் சொல் ஒன்றுகூட இல்லை. ங் என்ற ஒற்று க-வுக்கு முன்னால் வருவது தெரிந்தால் போதும். அட்டவணை மூன்றாம் வகுப்பில் ஒருமுறை தொகுத்துக் காட்ட நல்லது, தொடங்க ஏற்றதல்ல.

கைக்கு எளிய கோடு உள்ள எழுத்துகளில் தொடங்கி, வாரம் மூன்று எழுத்து, கூடவே அவற்றின் ஒற்று என்று போனால் ஆறு வாரத்தில் பதினெட்டும் முடியும். முதல் வாரம் ட, ப, ம. மூன்று எழுத்திலேயே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் கிடைத்துவிடுகின்றன. முதல் வாரமே சொல் படிக்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், இந்த வரிசை ஏன் என்று தெரியும். இரண்டாம் வாரம் க, ர, த: மரம், தகரம், பக்கம், கம்பம், கதம்பம். மூன்றாவது ல, வ, ய: வயல், பகல், கடல், கப்பல். நான்காவது ச, ந, ன: நகரம், சக்கரம், நடனம். ஐந்தாவது ண, ள, ற: பணம், மணல், பள்ளம். ஆறாவது ழ, ஞ, ங: பழம், கழகம், மஞ்சள், தங்கம். உயிரெழுத்துகளை வாரம் இரண்டாக இவற்றோடு சேர்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு பெரிய தடை உண்டு. மெய்யெழுத்தை ‘இக், இங், இச்’ என்று பெயர் சொல்லிப் பழக்குவது நம் வழக்கம். அதனால் பிள்ளை ‘ப – ட – இம்’ என்று படிக்கிறது. எத்தனை முறை வேகமாகச் சொன்னாலும் அதிலிருந்து ‘படம்’ வராது. எழுத்துக்கூட்டத் தெரிந்தும் சொல் வராத பிள்ளைகளில் மிகப் பலர் நிற்கும் இடம் இதுதான். ஒற்றைத் தனியாகப் படிக்கவே விடாதீர்கள். ஒற்று எப்போதும் தனக்கு முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்ற ஒரே விதியைச் சொல்லி, ஒட்டுகிற இடத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு வளைவு போடுங்கள்: பட்/டம், கப்/பல், க/தம்/பம், சக்/க/ரம். முதலில் ‘டம்’ மட்டும் படிக்கட்டும், பிறகு ‘ப’வைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பத்து நாளில் வளைவு தேவைப்படாது. ‘இம்’ என்ற பெயரைப் பிறகு சொல்லித் தரலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

இன்னொரு தடை வல்லினம். க என்ற ஒரே எழுத்து கடலில் ஒரு விதமாகவும், தங்கத்தில் மெலிந்தும், பகலில் இன்னும் மெலிந்தும் ஒலிக்கிறது. ‘பகல்’ என்பதைச் சில பிள்ளைகள் ‘பக்கல்’ என்று படிப்பது இதனால். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டித்த இடத்திலும் அழுத்தம். மெல்லின ஒற்றுக்குப் பின்னாலும் சொல்லின் நடுவே தனியாக வந்தாலும் மெலிவு. க, ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே வழிதான். விதியாகச் சொல்ல வேண்டாம். ‘பகல் – பக்கம் – பங்கு’ என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவையுங்கள்.

எழுதும்போது சிலேட்டிலோ மணலிலோ பெரிதாகத் தொடங்கி, இரட்டைக் கோட்டு நோட்டுக்கு இரண்டாம் மாதம் வரலாம். நோட்டை நாம் பார்க்காத நேரத்தில் பிள்ளை எழுத்தைப் ‘படம் வரைவது’ உண்டு: சுழியைக் கடைசியில் ஒட்டவைப்பது, ‘ப’வை வலமிருந்து இடமாக இழுப்பது. முடிந்த எழுத்தைப் பார்த்தால் இது தெரியாது, கை நகரும்போது பார்க்க வேண்டும். ஓர் எழுத்தைப் பக்கம் முழுக்க எழுதவைப்பதைவிட, நம் கண்ணெதிரே ஐந்து முறை சரியாக எழுதவைப்பது பலன் தரும். இடது கைப் பிள்ளைக்கு நோட்டின் மேல்முனையை வலப்பக்கம் சாய்த்து வைத்துவிடுங்கள். கையை மாற்றச் சொல்லாதீர்கள்.

கால், கொம்பு, விலங்கு

ஆறு வாரத்துக்குப் பின் உயிர்மெய்க்குறிகள். கால் (ா) ஒரு வாரம், மேல்விலங்கும் அதன் சுழியும் (ி, ீ) இரண்டு வாரம். காலில் ஒரே சிக்கல், பிள்ளைகள் ர-வின் கீழ்வாலை இழுக்காமல் விட்டுவிடுவது. ‘கரம்’ என்பதும் ‘காம்’ என்பதும் ஒன்றாகிவிடும். வாலை முதல் நாளே வற்புறுத்துங்கள்.

உகரத்துக்கு நான்கு வாரம் ஒதுக்குங்கள், அவசரம் வேண்டாம். ஒரே ஒலிக்கு வடிவம் பலவிதமாக மாறுகிற இடம் இது ஒன்றுதான். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். ஙு, சு, பு, யு, வு கீழே கோடு இறங்கும் கூட்டம். ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. இந்தக் கூட்டத்தில் நெடில் வேண்டுமென்றால் கால் சேர்த்தால் போதும்: தூ, நூ, லூ. கூட்டம் கூட்டமாகக் கற்றால் பதினெட்டு வடிவத்தை மனத்தில் வைக்க வேண்டியதில்லை. வரிசைப்படி கு, ஙு, சு, ஞு என்று போனால் ஒவ்வொன்றும் புதிதாகத் தெரியும், எதுவும் நிற்காது.

கொம்பில் (ெ, ே, ை) சிக்கல் வேறு மாதிரி. குறி இடப்பக்கம் முதலில் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. படிக்கும் பிள்ளை கொம்பைப் பார்த்ததும் நின்றுவிடும். கொம்பை உங்கள் விரலால் மூடி ‘க’வைச் சொல்லச் சொல்லுங்கள், விரலை எடுத்ததும் ‘கெ’. எழுதும்போது ‘கெ’ என்று வாய்விட்டு முழுசாகச் சொல்லிவிட்டு, பிறகு கொம்பில் தொடங்க வேண்டும். ொ, ோ இரண்டும் எழுத்தை இரு பக்கமும் அணைத்து நிற்பவை. கொம்பு போட்டதும் வேலை முடிந்தது என்று பிள்ளை காலை விட்டுவிடும், ‘கொடி’ ‘கெடி’ ஆகிவிடும். எழுதி முடித்ததைத் தானே படித்துப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் இதைத் திருத்தும். ஔகாரத்தை மூன்றாம் வகுப்புக்குத் தள்ளிவைக்கலாம். வௌவால், கௌதாரி, திருவண்ணாமலை பஸ்ஸில் ஒட்டியிருக்கும் ‘பௌர்ணமி’ – இந்த மூன்றும் போதும். ‘கெள’ என்று படித்தால் சொல்லை முழுதாகக் காட்டித் திருத்துங்கள்.

தாத்தா பாட்டி வீட்டில் சொல்லித் தருகிறார்களா? நல்லது. ஆனால் 1978 அரசாணைக்கு முன்னால் படித்தவர்கள் லை, ணை, னை, ளை, ணா, றா, னா போன்றவற்றைப் பழைய வடிவில் எழுதக்கூடும். முதல் வகுப்புப் பிள்ளைக்கு அது வேறு எழுத்தாகத் தெரியும். இன்றைய வடிவத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் குழப்பம் தீரும்.

ஜூனில் தொடங்கினால் அரையாண்டுத் தேர்வு வாக்கில் எல்லாக் குறிகளும் முடியும். விட்டதைப் பிடிக்க ஒரு மாதம் சேர்த்துப் பொங்கலுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே நாட்களில் கதை படித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். தினமும் ஐந்து நிமிடம், வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு. புத்தகத் தமிழின் ஓசை, ‘வந்தார்கள்’, ‘இருக்கிறது’, ‘அவனுக்கு’ எல்லாம் காதுக்குப் பழகுவது இங்கேதான். காதுக்குப் பழகாத மொழியில் யாரும் எழுத முடியாது. பிள்ளையே படிக்கத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தட்டினால் அது இன்னும் கடினம், எளிதானதைக் கொடுங்கள். ஒரு சொல்லில் மூன்று நொடிக்கு மேல் நின்றால் சொல்லிவிடுங்கள். வரி முடிந்ததும் அந்தச் சொல்லுக்குத் திரும்பி வரலாம்.

எழுத்துப் பிழை எங்கிருந்து வருகிறது?

பிழைகளைத் திருத்தும் முன் வகை பிரியுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆறு கட்டம் போடுங்கள்: குறில்-நெடில், விட்ட ஒற்று அல்லது கூடுதல் ஒற்று, பேச்சு ஒலி, ல-ள-ழ, ண-ன-ந, ர-ற. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டங்களில் உள்ள கோடுகளை எண்ணினால், இந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் என்பது தெரியும். ஒரே நேரத்தில் ஒரு வகையை மட்டும் எடுங்கள். மற்றவற்றைக் கண்டும் விட்டுவிடுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை எதையும் பார்ப்பதில்லை.

பேச்சு ஒலியில் வரும் பிழைகளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, அந்த ஒழுங்கைத்தான் கற்பிக்க வேண்டும். சொல்லின் முதலில் இ அல்லது உ இருந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால் பேச்சில் அது எ, ஒ ஆகிவிடும்: இலை – எல, இடம் – எடம், நிலம் – நெலம், குடம் – கொடம், முகம் – மொகம், உலகம் – ஒலகம், குழந்தை – கொழந்தை. ப, ம, வ ஆகியவற்றுக்குப் பின் வரும் இ, ஈ, எ, அடுத்து ட, ண, ள, ழ போன்ற எழுத்து இருந்தால் உதடு குவிந்துவிடும்: வீடு – வூடு, பெட்டி – பொட்டி, பெண் – பொண்ணு, பிள்ளை – புள்ள. கடைசி ஐ தேய்ந்து அ-போல ஆகும்: மலை – மல, தலை – தல. கடைசி ம், ன் மூக்கில் மறைந்துவிடும். அதனால் ‘மர’, ‘அவ’ என்று எழுதுவார்கள். ல், ள் முடிவில் ஓர் உகரம் ஒட்டும்: காலு, பாலு.

கரும்பலகையில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் ‘சொல்வது’, வலப்பக்கம் ‘எழுதுவது’. ஒரு நாளைக்கு ஒரே வகை, ஆறு சொற்கள். முதல் மூன்றை நீங்கள் நிரப்புங்கள், மீதி மூன்றைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். ‘தப்பாப் பேசற’ என்று யாரையும் சொல்லாதீர்கள். பிள்ளை பேசுவது அதன் அம்மா பேசும் மொழி. ‘இப்படிப் பேசுறோம், இப்படி எழுதுறோம்’ என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

ழகரத்துக்கு வருவோம். தெற்கே ழ பேச்சில் ள ஆகிறது. நம் வடக்கே அது ய ஆகிறது. மழை ‘மய’, கோழி ‘கோயி’, வாழைப்பழம் ‘வாயப்பயம்’. ‘இழுத்து’ என்பது ‘இஸ்து’ என்றுகூட ஆகும். ஆகவே ல-ள-ழ வேறுபாட்டுக்காக எழுதப்பட்ட பயிற்சிகள் இங்கே பாதிதான் உதவும். நமக்கு ழ-ய பயிற்சியும் வேண்டும். முதலில் நாக்கு. ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறத்தைத் தொடும். ள-வுக்கு நுனி பின்னால் மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு அதே மாதிரி மடியும், ஆனால் எங்கேயும் தொடாது. சின்னக் கண்ணாடி ஒன்று கொடுத்தால் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். ‘ஆ’ என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே நாக்கை மெல்ல மடித்தால் ‘ஆழ்’ வந்துவிடும்.

ஒலி வந்துவிட்டாலும் எழுத்து வந்துவிடாது, ஏனென்றால் வீட்டில் ‘மய’ என்று கேட்பது தொடரும். தொடக்க வகுப்பில் புழங்கும் ழகரச் சொற்கள் அதிகமில்லை: மழை, பழம், வாழை, கோழி, ஏழு, புழு, கீழே, வழி, தமிழ், நிழல், விழா, கிழங்கு, குழம்பு, குழந்தை, கழுதை, அழகு, எழுது, கழுவு, அழு, விழு, உழவர், மகிழ்ச்சி. இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, வாரம் நான்கு சொல்லாகக் கண்ணுக்குப் பழக்குங்கள். எதிர்ப்பக்கம் உண்மையான யகரச் சொற்கள்: நாய், வாய், காய், வயல், மயில், கயிறு, தயிர். ழகரத்தில் ஊறிய பிள்ளை சில நாள் ‘நாழ்’ என்றும் எழுதும். பயப்பட வேண்டாம், விதியை அளவுக்கு மேல் பயன்படுத்துகிறது, தானாகத் தணியும்.

ண, ன, ந குழப்பத்தில் பெரும்பகுதியை மூன்று சோடிகளே தீர்த்துவிடும்: ட-வுக்கு முன் ண் (வண்டி, பள்ளிகொண்டா), ற-வுக்கு முன் ன் (கன்று, மூன்று), த-வுக்கு முன் ந் (பந்து, வந்தான்). டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பெயர் சொல்லும் பழக்கத்திலேயே இந்தச் சோடி இருக்கிறது. ‘மூணு சுழி, ரெண்டு சுழி’ என்று எண்ணச் சொல்வதைவிட இந்தப் பெயர்கள் உதவும். சொல்லின் முதலில் எப்போதும் ந. சொல்லின் நடுவில், ந்த தவிர, ந வருவது மிகக் குறைவு. மீதி இருப்பது மனப்பாடம்: கிண்ணம், வண்ணம், எண்ணெய் ஒரு பக்கம்; கன்னம், சின்ன, மின்னல் மறுபக்கம். ‘அண்ணன்’ என்ற ஒரு சொல்லில் இரண்டும் இருக்கின்றன, அதை அடிக்கடி எழுதவையுங்கள்.

ர, ற: தமிழ்ச்சொல் ற-வில் தொடங்காது. சொல் ற்-இல் முடியாது. வேலூர், ஆம்பூர், தேர், அவர் எல்லாம் ர்தான். இரட்டித்தால் ற்றதான், ர இரட்டிக்காது. ன்-க்குப் பின் ற. நடுவில் தனியாக வரும்போது மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: கரை – கறை, அரை – அறை, எரி – எறி.

கூடுதல் ஒற்று பெரிய பிள்ளைகளின் பிழை. ‘முயற்ச்சி’, ‘காட்ச்சி’, ‘கற்க்கண்டு’ என்று பட்டம் படித்தவர்களும் எழுதுகிறார்கள். ட், ற் இரண்டும் வல்லின ஒற்று. அவற்றை அடுத்து இன்னொரு வல்லின ஒற்று வராது. நமக்கு ஊர்ப்பெயரிலேயே சான்று இருக்கிறது: ஆற்காடு, காட்பாடி. ஆனால் ர், ய், ழ் மூன்றுக்குப் பின் வரும்: பார்க்க, வாய்க்கால், வாழ்க்கை. நான்காம் வகுப்பில் இந்த ஒரு விதியைச் சொல்லிவிட்டால் வாழ்நாள் முழுக்க உதவும்.

வல்லினம் மிகும் இடங்களைத் தொடக்கப்பள்ளியில் திருத்த வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஐந்தாம் வகுப்பில் ‘அந்தப் பையன்’, ‘பாடத்தைப் படி’, ‘பள்ளிக்குப் போ’ என்ற மூன்று மாதிரிகள் போதும்.

சொல்வதை எழுதுதல்

வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் எட்டுச் சொல், ஒரு வாக்கியம். ஐந்து சொல் இந்த வாரத்து வகையிலிருந்து, மூன்று பழையவை. சொல்லை ஒருமுறை இயல்பாகச் சொல்லுங்கள், ஒருமுறை நிறுத்தி ஒலி தெளியச் சொல்லுங்கள், பிள்ளைகள் திருப்பிச் சொல்லட்டும், அதன் பிறகே பென்சில் எடுக்க வேண்டும். திருப்பிச் சொல்லாமல் எழுதும் பிள்ளை தன் வீட்டு ஒலியைத்தான் எழுதும். திருத்தும்போது சொல்லை அடிக்காதீர்கள். தவறிய எழுத்துக்கு அடியில் மட்டும் கோடு போட்டு, ‘எழுதினதை அப்படியே படி பார்ப்போம்’ என்று கேளுங்கள். விட்ட ஒற்றையும் குறைந்த காலையும் பாதிக்குப் பாதி பிள்ளையே கண்டுபிடிக்கும். சரியான சொல்லைப் பார்த்து, மூடி, நினைவிலிருந்து மூன்று முறை எழுதட்டும். பார்த்துப் பார்த்துப் பத்து முறை எழுதுவதில் நான்காவது முறைக்கு மேல் கை மட்டுமே வேலை செய்கிறது.

ஊர்ப்பெயர்கள் இதற்கு அருமையான பொருள். குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, சத்துவாச்சாரி, பாலாறு என்று எழுதவைத்தால் ஒற்று, ண, ற எல்லாம் வந்துவிடும். பிள்ளை மறுநாள் பஸ் பலகையிலும் அதையே தேடிப் படிக்கும்.

வாக்கியத்துக்குப் போவது

பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். ‘எங்க வூட்டாண்ட ஒரு கோயி கீது’ என்றால் அதை அப்படியே முதல் வரியில் எழுதுங்கள். கீழே, அதன் கண் முன்னால்: ‘எங்கள் வீட்டுக்கு அருகில் ஒரு கோழி இருக்கிறது.’ இரண்டையும் படித்துக் காட்டி, எது எதுவாக மாறியது என்று கோடு இழுக்கச் சொல்லுங்கள். கீது – இருக்கிறது, வந்துகினு கீறான் – வந்துகொண்டிருக்கிறான், இட்டுகினு – அழைத்துக்கொண்டு, குந்து – உட்கார். இப்படி முப்பது, நாற்பது சோடி சேர்ந்தால் பிள்ளை தானே மாற்றி எழுதத் தொடங்கும். கட்டுரைத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ‘எழுதுங்க’ என்றால், பேசத் தெரிந்த பிள்ளையும் இரண்டு வரியில் நின்றுவிடும். சொல்ல ஒன்றுமில்லை என்பதில்லை, சொல்லத் தெரிந்த மொழி வேறு, எழுதச் சொல்லும் மொழி வேறு.

இரண்டாம் வகுப்பில் மூன்று வாக்கியம், ஐந்தில் பத்து என்ற அளவு போதுமானது. முதல் படியில் எழுத்துப் பிழையைத் தொடாதீர்கள், சொன்னது புரிகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் படியில் ஒரே ஒரு வகைப் பிழை. ‘மாடுங்க வந்துச்சு’ என்பது ‘மாடுகள் வந்தன’ ஆவதெல்லாம் நான்காம் வகுப்பு வேலை.

வீட்டில் உருது, வீட்டில் தெலுங்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் உருது பேசும் வீடுகளும், குடியாத்தம், காட்பாடிப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளும் நிறைய. தெருவில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தனி ஏற்பாடு வேண்டாம். தமிழே பள்ளியில்தான் அறிமுகம் என்றால் முதல் ஆறு முதல் எட்டு வாரம் எழுத்தைத் தள்ளிவைத்துப் பேச்சுக்குக் கொடுங்கள்: படம், செயல், கட்டளை, பாட்டு. தெரியாத சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தாலும் அது சரியா தவறா என்று பிள்ளைக்குத் தெரியாது. அலமாரி, பஜார், பிரியாணி, துப்பட்டா போல இரு மொழிக்கும் பொதுவான சொற்களில் தொடங்கலாம்.

அரபி ஓதக் கற்கும் பிள்ளை வலமிருந்து இடமாகக் கண்ணை ஓட்டிப் பழகியிருக்கும். சில மாதம் ஒவ்வொரு வரியின் இடப்பக்கமும் ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள். உருதுவில் க-வுக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் ஒன்றே இரண்டுக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ண, ள, ழ மூன்றும் அந்தக் காதுக்குப் புதியவை. தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு ள, ண பழக்கம். ழ மட்டும் புதிது. ஆனால் தெலுங்கில் கண்ணுக்கு ‘கன்னு’ என்பார்கள், அதனால் அந்தப் பிள்ளை ‘கன்’ என்று எழுதினால் காரணம் அங்கே இருக்கிறது.

நகராத பிள்ளை

இத்தனையும் ஒழுங்காகச் செய்து மூன்று நான்கு மாதம் ஆகியும் எழுத்து நிற்கவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள். புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோவது, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குவது, அடிக்கடி காதில் சீழ் வடிவது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதது – இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். கண்ணுக்கு அரசு மருத்துவமனை உண்டு. வேலூரில் ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனையும் உண்டு.

கண்ணும் காதும் சரி, பேச்சும் அறிவும் சரி, ஆனாலும் நேற்றுப் படித்த ‘படம்’ இன்று புதிதாகத் தெரிகிறது, இரண்டாம் ஆண்டிலும் எழுத்துக்கூட்டியே படிக்கிறது என்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். இதை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரிடம் பிள்ளையைக் காட்டக் கேளுங்கள். போகும்போது மூன்று மாத இடைவெளியில் எழுதிய இரண்டு ‘சொல்வதை எழுதுதல்’ தாள்களைத் தேதியோடும், நோட்டின் கடைசிப் பக்கத்து ஆறு கட்டத்தையும், முதல் நாள் எடுத்த பதினைந்து நிமிடச் சோதனையின் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். ‘சரியாப் படிக்க மாட்டேங்குது’ என்று வாயால் சொல்வதைவிட, எந்த எழுத்தில் எத்தனை மாதமாக நிற்கிறது என்று காட்டும் தாள் அவர்களுக்கு அதிகம் உதவும்.